சுத்துற பார்க்கா, நனையுற பார்க்கா

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு விளம்பரத் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் ஆட்கள் தலைகீழாகத் தொங்கியபடி சிரித்தார்கள். மற்றதில் ஒரு நீளக் குழாய்க்குள்ளிருந்து தண்ணீரோடு வந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டும் தீம் பார்க். இரண்டுக்கும் வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டில் ஒன்று சுத்துற பார்க், இன்னொன்று நனையுற பார்க். அப்படிப் பெயர் வைத்தவள் என் அண்ணன் மகள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீல்.

ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். பல் தேய்க்கச் சொன்னால் "எதுக்கு, இன்னிக்கு வெளியவே போகலையே" என்று ஆரம்பித்து, நாம் அசந்த பிறகுதான் தேய்ப்பாள். அவள்தான் அறிவித்திருந்தாள்: லீவு முடிவதற்குள் இந்த இரண்டில் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகிறோம், எது என்று அம்மா சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் செல்லாது. அத்தை சொன்னால் செல்லவே செல்லாது. அத்தை என்பது நான். கல்யாணம் ஒரு தடவை பண்ணிப் பார்த்தேன், சரிப்படவில்லை, அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன்.

ஆக, இது என் அண்ணியின் கதை. நாத்தனார் சொல்லும் அண்ணி கதையை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேட்டால், அது உங்கள் சாமர்த்தியம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவளை அண்ணனுக்குப் பெண்ணாகச் சொன்னதே நான்தான். இருவரும் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். முன்பக்கம் நின்று ஃபிரேம் விற்பவள் நான். பின்பக்கம் இருட்டறையில் கண் பரிசோதிப்பவள் அண்ணி.

அந்த அறையில் உயரமான ஒரு நாற்காலி, எதிரே வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை, அவ்வளவுதான். வருகிறவர் மூக்கில் கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, அதில் வில்லைகளைப் போட்டுப் போட்டு எடுத்து, "எது தெளிவா இருக்கு? இதுவா... இல்ல, இதுவா?" என்று கேட்பாள். நாள் முழுக்க இதே கேள்வி. ஆட்களுக்கு வேர்த்துவிடும். தப்பாகச் சொன்னால் ஃபெயில் போட்டுவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். கடைசியில் தோற்றுப்போன குரலில், "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்பார்கள். அண்ணி காத்திருப்பதே அந்தப் பதிலுக்குத்தான். வில்லையை இப்படித் திருப்பினாலும் அப்படித் திருப்பினாலும் ஒன்றாகவே தெரிகிறது என்றால், சரியான இடத்தில் வந்து நின்றுவிட்டது என்று அர்த்தம். பவரைக் குறித்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடுவாள்.

அண்ணன் பிழைப்பும் ஏறக்குறைய இதேதான். ஒரு ஷெட்டில் கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கிறான். இடது சக்கரமும் வலது சக்கரமும் கோணாமல் ஒரே மாதிரி நின்றுவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்ப்பான். "ஒரே மாதிரி" என்ற சொல்லைக் கேட்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துகொள்கிற இரண்டு பேரை ஒரே வீட்டில் கொண்டுவந்து வைத்த பெருமை என்னைச் சேரும்.

போன வருஷ லீவில் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. சுத்துற பார்க் என்று ஒரே பேச்சில் முடிவாகியிருந்தது. யார் ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை, வக்கீலாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அண்ணிக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு அந்த ஆட்டமெல்லாம் வேண்டாம், அடுத்த வருஷம் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு மற்றவர்கள் ஏறட்டும் என்று பேசிவைத்தோம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அந்தரத்தில் தொங்குவதைவிட நிழலில் குழந்தையோடு உட்காருவது எனக்குச் சௌகரியம்.

எட்டாம் மாதத்தில் அசைவு நின்றுபோனது. பையன். பிறக்கும்போதே உயிர் இல்லை.

அண்ணி அழவில்லை. பிரசவ லீவு மிச்சமிருக்கும்போதே வேலைக்கு வந்துவிட்டாள். கடை முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணிக்கு என்ன ஒரு தைரியம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைரியமாவது மண்ணாவது. கூடவே இருந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். காபியா டீயா என்றால் "எதுவானாலும்." ஜன்னலைத் திறக்கவா மூடவா என்றால் "ரெண்டும் ஒண்ணுதான்." நான் வேண்டுமென்றே ஒரு குத்தல் போட்டுப் பார்ப்பேன். பழைய அண்ணியாக இருந்தால் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது கிணற்றில் போட்ட கல்தான். நாத்தனார் ஒருத்தி இதற்குமேல் என்னதான் செய்வது?

இந்த நிலையில்தான் வக்கீல் ஃபிரிட்ஜில் தாள்களை ஒட்டினாள். அன்று சாயங்காலம் அண்ணன் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும் கேஸ் தொடங்கியது.

"எதும்மா?" என்றாள் வக்கீல்.

"சுத்துற பார்க்ல கூட்டம் ஜாஸ்தி," என்றான் அண்ணன், அவனை யாரும் கேட்காமலே.

"நனையுற பார்க்ல வெயில் ஜாஸ்தி," என்றாள் அண்ணி.

"நனையுறது கிட்டத்துல இருக்கு."

"சுத்துறதுக்குப் போற ரோடு நல்லா இருக்கும்."

"அங்க போனா ஈரத் துணிய மூட்டை கட்டிக்கிட்டு வரணும்."

"இங்க வரிசைல நின்னே கால் கடுக்கும்."

"எனக்குச் சுத்தினா வாந்தி வரும்."

"தண்ணில நின்னா உங்களுக்குச் சளி பிடிக்கும்."

அவர்கள் சண்டை போடவில்லை. ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டில் ஒரு கல்லை வைத்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் அண்ணி, "பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். "அதேதான்" என்றான் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எழுந்து குளிக்கப் போனான்.

"இது தீர்ப்பு இல்லப்பா," என்று வக்கீல் குளியலறைக் கதவிடம் சொன்னாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும். வக்கீல் ஒவ்வொரு நாளும் புதுக் காரணத்தோடு வந்தாள். முக்கால்வாசி சுத்துற பார்க்குக்குச் சாதகமாகத்தான் இருக்கும். அங்கே ஒரு உயரமான தூண் இருக்கிறது, உச்சிக்குத் தூக்கிப் போய் ஒரு கணம் நிறுத்திவிட்டுக் கீழே விடுவார்கள், அதன் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியும் என்றெல்லாம் தொண்டை வறளப் பேசுவாள். பேசி முடித்து அம்மா முகத்தைப் பார்ப்பாள். பெற்றவர்கள் இருவரும் பொறுமையாகக் கேட்டு, அதற்குச் சரியாக ஒரு எதிர்க் காரணத்தைத் தேடி வைத்து, சமமாக்கிவிட்டு எழுந்துபோவார்கள். மதில்மேல் பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும். இவர்கள் மதில்மேலேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

ஒரு நாள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "எதுக்குடி இவ்வளவு பிடிவாதம்? பேசாம நானே ஒண்ணுக்கு டிக்கெட் போட்டுடறேன்."

"வேணாம் அத்தை. அம்மா சொல்லணும்."

"எதைச் சொல்லணும்?"

"எதையாவது. சுத்துறதோ நனையுறதோ, வேணும்னு ஒரு தடவை சொன்னா போதும். ‘எனக்கு இது வேணும்’னு."

"சொல்லலேன்னா?"

தலையணை உறையின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்தாள். "சொல்லலேன்னா நானும் இனிமே அம்மாகிட்ட எதுவும் கேக்கமாட்டேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பஸ் போயிடுச்சு என்று சொல்வதுபோல் சொன்னாள். வீட்டில் ஒருத்தி மரத்துப்போனதைத் தாங்கிக்கொண்டு இருந்தோம். இந்தப் பெண்ணும் அவள் பின்னாலேயே போய்விட்டால், அந்த வீட்டில் நான் சுவரோடுதான் பேச வேண்டும்.

மறுநாள் மதியம் இருட்டறையில் சாப்பிடும்போது பிடித்துக்கொண்டேன். விளக்கைப் போடாமல் எழுத்துப் பலகை வெளிச்சத்திலேயே சாப்பிடுவது அண்ணிக்கு இந்த வருஷத்துப் பழக்கம்.

"அண்ணி, ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க. புள்ள உங்க வாயையே பாத்துட்டிருக்கா."

"நான் என்ன வேணும்னேவா பண்றேன்?"

"அப்ப சொல்லுங்களேன்."

"பாக்கறேன். தினமும் தண்ணி எடுக்கப் போறப்ப அந்த ரெண்டு படத்தையும் நின்னு பாக்கறேன். எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது. வேணும்னும் வரல, வேணாம்னும் வரல."

"பொய்யாவது சொல்லுங்க."

"கண்டுபிடிச்சுடுவா."

அது உண்மைதான். அண்ணி சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு, கேட்காமலே சொன்னாள். "பல் பிடுங்கறதுக்கு ஊசி போட்டா உதடு மரத்துப் போகும்ல? தொட்டுப் பாத்தா வேற யாரோ உதடு மாதிரி இருக்கும். எனக்கு எல்லாமே அப்படி இருக்கு. பசிக்குது, சாப்பிடறேன். தூக்கம் வருது, தூங்கறேன். ஆனா அது எனக்கு இல்ல, வேற யாருக்கோ நடக்குது."

எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்று இருவருக்கும் தெரியும். டப்பாவை மூடிவிட்டு, அடுத்த ஆளை அனுப்பச் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வந்தது. உனக்கு நடந்தது எங்களுக்கும்தானே நடந்தது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அன்று மதியம் ஃபிரேம் வாங்க வந்த ஒருவரிடம் அந்தக் கோபத்தைக் காட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்தது. வக்கீல் தாள்களை எடுத்துப் பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துவிட்டிருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் கவனிக்கவே இல்லை. அண்ணி தண்ணீர் எடுக்க வந்தாள், கதவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் நின்றாள், பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். மேஜையில் வக்கீல் மகாமரியாதையாகச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று அம்மா கேட்டதற்கு, "எதுவானாலும்" என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

நாத்தனார் என்றால் அதிகாரம் பண்ணுவாள் என்று ஊரே சொல்கிறது. வாங்கிய பெயருக்கு ஒரு தடவையாவது நியாயம் செய்வோம் என்று போனை எடுத்தேன். சுத்துற பார்க்குக்கு நான்கு டிக்கெட் போட்டேன். வக்கீலிடம் சொன்னபோது, "அம்மா சொன்னாங்களா?" என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். "ஓ" என்றாள். வாதம் இல்லை, அப்பீல் இல்லை.

பார்க்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எங்கு பார்த்தாலும் யாராவது கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நிழலாக ஒரு பெஞ்சைப் பிடித்து, பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எங்க போலாம்?" என்று நான் கேட்டதற்கு அண்ணி வழக்கமான பதிலைச் சொன்னாள். அந்தத் தூண் பக்கம் நானே இழுத்துப் போனேன். வரிசையில் அண்ணி முன்னால், அவளுக்குப் பின்னால் வக்கீல், கடைசியாக நான். நான் ஏறுவதாக இல்லை, வாசல்வரை துணைக்குப் போவதாக ஏற்பாடு.

பாதி வரிசையில் வக்கீலின் உதடு வெளுத்திருப்பதைப் பார்த்தேன். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

"என்னடி?"

"எனக்கு உயரம்னா பயம் அத்தை."

"அடிப்பாவி. அப்புறம் எதுக்குடி இதுக்காக இத்தனை நாள் தொண்டை கிழியப் பேசினே?"

என்னை ஏதோ மக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அம்மாதானே ஆசைப்பட்டாங்க? போன வருஷம் இந்தத் தூண் படத்தைக் காட்டி, ‘இதுல ஒரு தடவையாவது உக்காந்துடணும்டி’ன்னாங்க. அப்புறம்தானே நாம எல்லாரும் சரின்னோம். மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். அவள் தனக்காக வாதாடவே இல்லை. கட்சிக்காரர் வாயைத் திறக்காததால், கட்சிக்காரர் முன்பு கேட்டதையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். அதுவும் தனக்குக் கதிகலங்குகிற ஒன்றை. எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணிக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்கும், ஆனால் அவள் திரும்பவில்லை.

வாசலில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. ஏறப்போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே ராகத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். "முதுகு வலி இருக்கா? ஹார்ட் பிரச்சினை இருக்கா? கர்ப்பமா இருக்கீங்களா?" எல்லோரும் இல்ல, இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்கள். அண்ணியின் முறை வந்தது.

"முதுகு வலி இருக்கா?"

"இல்ல."

"ஹார்ட் பிரச்சினை இருக்கா?"

"இல்ல."

"கர்ப்பமா இருக்கீங்களா?"

அண்ணியின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து, காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். "மேடம், கர்ப்பமா இருக்கீங்களா?" எனக்குப் பின்னால் யாரோ, சீக்கிரம் போங்க என்று முணுமுணுத்தார்கள். எங்கள் வீட்டில் இதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்கம்பக்கமும் கேட்கவில்லை, கடையிலும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணியிருந்தோம்.

"இல்ல," என்றாள் அண்ணி. கொஞ்சம் பொறுத்து, "இப்ப இல்ல" என்றாள்.

"அப்ப உள்ள போங்க மேடம்." அந்தப் பெண் தடுப்பைத் தள்ளினாள்.

வக்கீல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து ஒரு அடி எடுத்து வைத்தாள். அண்ணி நகரவில்லை. தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு வேணாம்," என்றாள்.

வக்கீல் கண்ணைத் திறந்தாள். "என்னம்மா?"

"எனக்கு இது வேணாம். வா, போலாம்."

வரிசையை இடித்துக்கொண்டு திரும்பி நடந்தோம். ஆட்கள் திட்டினார்கள். நான் பதிலுக்குத் திட்டினேன். வக்கீல் அம்மாவின் கையை விடவில்லை.

எங்களைப் பார்த்ததும் அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தான். "என்ன, அதுக்குள்ளயா? சரி, பிடிக்கலைன்னா விடு. அந்தப் பக்கம் மெதுவா சுத்தறது ஒண்ணு இருக்காம். இல்லேன்னா இந்தப் பக்கம் படகு. படகுன்னா வெயில் அடிக்கும், ஆனா சுத்தறதுக்கு வரிசை கொஞ்சம்..."

"எனக்கு வேற ஒரு இடத்துக்குப் போகணும்," என்றாள் அண்ணி.

"எங்கம்மா?" என்றாள் வக்கீல்.

அண்ணி மகளைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். "அவனை எங்க வச்சீங்க?"

அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, அண்ணனும் அவன் கூட வேலை செய்கிற ஒருவரும்தான் அந்தத் துணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவன் கையைக் கழுவினான், மருந்துச் சீட்டைக் கேட்டான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நம்ம ஷெட்டுக்குப் பின்னால ஒரு ரோடு போகுதில்ல? அதுல மயானத்தோட சின்ன இரும்புக் கேட் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள," என்றான். "சுவரோரமா." பிறகு சொன்னான். "அந்த வழியாத்தான் தினமும் வேலைக்குப் போறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

அண்ணி அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கி அதனாலேயே அவனை அடித்தாள். தோளில், நெஞ்சில், மறுபடி தோளில். அவன் அடிவாங்கிக்கொண்டு நின்றான். பிறகு அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மூக்கு ஒழுக, முகம் கோண, குழந்தைபோல் அழுதாள். தூணின் உச்சியிலிருந்து ஒரு கூட்டம் அலறிக்கொண்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் யாருமே எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஆறுதல் சொல்லலாமா, பேசாமல் இருக்கலாமா என்று அவன் மனசுக்குள் எடை போடுவது எனக்குத் தெரிந்தது. வக்கீல்தான் அவனருகே போனாள்.

"கார் சாவிய எடுங்கப்பா," என்றாள். "அம்மா சொல்லிட்டாங்க."